வளையும் தந்தி

கிதாரின் கழுத்தில் குறுக்காகப் பதித்திருக்கும் ஒவ்வொரு ஃப்ரெட்டும், பயில்கிறவருக்கு அந்த வாத்தியம் கொடுத்திருக்கும் ஓர் உத்தரவாதம். விரல் அந்த உலோகக் கம்பிக்குச் சற்றுப் பின்னால் எங்கே பதிந்தாலும், தந்தியின் நீளம் அவ்விடத்திலேயே அறுதியாகிவிடுவதால், ஸ்வரம் தன் ஸ்தானத்தை விட்டு விலகுவதில்லை. வயலின் பயில்கிற குழந்தை ஆண்டுக்கணக்கில் எந்தப் பிரச்சினையோடு மல்லுக்கு நிற்கிறதோ, அந்தப் பிரச்சினையைக் கிதாரைச் செய்தவரே பட்டறையில் தீர்த்து அனுப்பிவிடுகிறார். ஆகவேதான் முதல் மாதத்திலேயே நாலு கார்டு பிடித்து ஒரு பாட்டுக்குத் துணை வாசிக்க முடிகிறது. ஆகவேதான், செவி விழித்துக்கொள்ளாமலேயே விரல்கள் வெகுதூரம் போய்விடவும் முடிகிறது. லீட் கிதாரின் இடைநிலைப் பாடங்கள் என்று சொல்லப்படுகிறவற்றை ஊன்றிப் பார்த்தால், தந்தியை வளைப்பதும், அசைப்பதும், வழுக்குவதும், அடக்குவதுமாகிய அவை அத்தனையும், அந்த உத்தரவாதத்தை வாசிக்கிறவர் தாமாகவே துறந்து, ஸ்வரத்தின் சுத்தத்துக்குத் தம் செவியையே ஜாமீனாக வைக்கிற காரியங்கள் என்பது புலப்படும்.

இந்தக் கட்டத்துக்கு வந்து சேருகிறவருக்கு ஏ மைனர் பெண்டடானிக்கின் முதல் பாக்ஸ் நன்றாகப் பழகியிருக்கும். ஐந்தாவது ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலை நிறுத்தி, ஏழிலும் எட்டிலும் மற்ற விரல்களை வைத்து, ஆறு தந்திகளிலும் தந்திக்கு இரண்டாக ஏறி இறங்கும் பன்னிரண்டு ஸ்தானங்களைக் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார். மெட்ரொனோமை முடுக்கினாலும் தடுமாறமாட்டார். ஆயினும் பின்னணியில் ஒரு ப்ளூஸ் ஓடிக்கொண்டிருக்க அதன்மேல் அவர் வாசிக்கும்போது, ஒரு ஸ்வரம்கூடத் தப்பாக இல்லாதிருந்தும், யாரும் யாரிடமும் எதையும் சொல்லாத வாசிப்பாகவே அது நின்றுவிடுகிறது. வேகம் போதாததுதான் குறை என்று எண்ணிச் சிலர் வேகத்தைக் கூட்டுகிறார்கள். ஸ்கேல் போதாததுதான் குறை என்று எண்ணிச் சிலர் டோரியன், மிக்ஸோலிடியன் என்று புதிய ஸ்கேல்களைத் தேடிப் போகிறார்கள். இரண்டும் பயனுள்ள காரியங்களே என்றாலும், இந்த நோய்க்கு இரண்டும் மருந்தாகமாட்டா என்பது என் திடமான அபிப்பிராயம். கைவசமுள்ள ஐந்து ஸ்வரங்களும் ஒரு மனிதரின் ஆயுளுக்குப் போதுமானவை. ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் கிடக்கிற இடத்தைத்தான் அவர் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை.

அந்த இடத்தைக் கேட்க வைக்கிற முதல் அப்பியாசம் பெண்ட். மூன்றாவது தந்தியின் ஏழாவது ஃப்ரெட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒலிப்பது டி. மோதிர விரலை அங்கே பதித்து, நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் அதே தந்தியின்மீது அதற்குப் பின்னால் துணைக்கு நிறுத்தி, கட்டைவிரலைக் கழுத்தின் மேல்விளிம்பில் மடக்கிப் பிடித்துக்கொண்டு, தந்தியை நாலாவது தந்தியின் பக்கமாகத் தள்ளினால் ஸ்வரம் உயர்ந்துகொண்டே போகும். முழுப்படி உயர்ந்து ஈயை அடையவேண்டும். டி என்பது விநாடிக்கு 293.66 அதிர்வு, ஈ என்பது 329.63. தந்தியின் அதிர்வெண் அதன் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்து உயர்வதால், இந்த ஒரு படி ஏறுவதற்கு இழுவிசை ஏறக்குறைய 26 சதவீதம் கூடியாகவேண்டும். சாதாரணமாகப் புழங்கும் மெல்லிய தந்தியில் 16 பவுண்டுக்குச் சற்று மேற்பட்டு நிற்கும் விசை, 20 பவுண்டையும் தாண்டவேண்டும். இதை விரல் கணுக்களின் பலத்தால் மட்டும் சாதிக்கப் பார்க்கிறவரின் கை சீக்கிரத்தில் வலி கண்டுவிடும். ஆள்காட்டி விரலின் அடிக்கணுவைக் கழுத்தின் கீழ்விளிம்பில் ஊன்றிக்கொண்டு, கதவின் கைப்பிடியைத் திருப்புவது போல மணிக்கட்டையும் முன்கையையும் சேர்த்துத் திருப்பவேண்டும். அப்போது விரல்கள் தந்தியைப் பற்றிக்கொண்டு நிற்பதோடு சரி, தள்ளுகிற வேலை முழுவதையும் கை ஏற்றுக்கொள்கிறது.

இதில் யாரும் எடுத்துச் சொல்லாத ஒரு நுட்பம் உண்டு. பக்கவாட்டில் தள்ளப்படும் தந்தி நீள்வது, தள்ளிய தூரத்தின் வர்க்கத்தை ஒட்டியே நிகழ்வதால், முதலில் சிறிது தூரம் தள்ளியும் ஸ்வரம் அசைந்ததாகவே தெரியாது. பிறகு வரவரக் கொஞ்சம் தள்ளினாலும் வெகுவாக உயரும். முதல் அரைப்படிக்காகப் போன தூரத்தில் பாதியளவு போனாலே அடுத்த அரைப்படி கிடைத்துவிடுகிறது. ஆகையால் தூரத்தை அளந்து மனப்பாடம் செய்கிற கை எப்போதும் ஏமாறும். வேறொரு கிதாரில், வேறொரு தந்தியில், ஏன், அதே தந்தியின் வேறொரு ஃப்ரெட்டிலேயே அந்த அளவு பொய்த்துப்போகும். செவி முன்னே சென்று நின்றுகொண்டு கையை அழைக்கவேண்டும் என்பது உபதேசம் போலத் தோன்றினாலும், உண்மையில் அது பௌதிக சாஸ்திரம் விதிக்கிற நிர்ப்பந்தம்.

செவியைப் பழக்குவதற்கு அந்த வாத்தியமே ஓர் ஆசானையும் கொடுத்திருக்கிறது. இரண்டாவது தந்தியின் ஐந்தாவது ஃப்ரெட்டில் அதே ஈ தயாராகக் காத்திருக்கிறது. ஆள்காட்டி விரலால் அதை அழுத்திக்கொண்டு, இரண்டு தந்திகளையும் ஒருசேரப் பிக்கால் மீட்டி, மூன்றாவது தந்தியை மெல்ல மேலே ஏற்றினால், முதலில் இரண்டு நாதங்களும் ஒன்றோடொன்று உரசிக் கரகரக்கும். நெருங்க நெருங்க அந்தக் கரகரப்பு தெளிந்து, எண்ணக்கூடிய விம்மல்களாகப் பிரியும். இரண்டுக்கும் நாலு அதிர்வு வித்தியாசம் இருந்தால் விநாடிக்கு நாலு விம்மல். இரண்டு இருந்தால் இரண்டு. பிறகு நீண்ட ஒரே ஏற்ற இறக்கம். பிறகு அதுவும் அடங்கி, இரு தந்திகளும் ஒரே நாதமாக நிற்கும். சற்று அதிகம் தள்ளிவிட்டால் விம்மல் மறுபடி தொடங்கும். யூனிசன் பெண்ட் என்று இதற்குப் பெயர். இதை ஓர் அலங்காரமாக மட்டும் கருதி ராக் சோலோக்களில் உபயோகிப்பது வழக்கம். சாதகமாகக் கருதினாலோ, இதைவிட நேர்மையான ஸ்ருதிப் பரீட்சை கிதாரில் கிடையாது. ட்யூனரின் முள்ளைப் பார்த்துச் சரிசெய்கிறவருக்கு ஸ்வரம் கண்ணில் சரியாகிறது. விம்மலைக் கேட்டுச் சரிசெய்கிறவருக்கு ஸ்வரம் உடம்பிலேயே சரியாகிறது.

டேப் எனப்படும் குறிமுறை இந்த இடத்தில் கைவிட்டுவிடுகிறது என்பதையும் சொல்லவேண்டும். ஆறு கோடுகளின்மீது எண்களை எழுதி, எந்தத் தந்தியில் எந்த ஃப்ரெட் என்று காட்டுகிற அந்த முறை, தொடக்கத்தில் செய்கிற உபகாரம் பெரிது. ஆனால் பெண்ட் வருகிற இடத்தில் மேல்நோக்கி ஓர் அம்பைப் போட்டு, முழுப்படியா அரைப்படியா என்று எழுதிவிட்டு அது விலகிக்கொள்கிறது. எவ்வளவு மெதுவாக ஏறுவது, நடுவழியில் எங்கே தயங்குவது, உச்சியைத் தொட்டபின் எத்தனை நேரம் அங்கே நிற்பது, இறங்கும்போது அந்த இறக்கம் காதில் விழலாமா கூடாதா என்பனவெல்லாம் அந்தக் காகிதத்தில் இல்லை. மீட்டுவதற்கு முன்னரே தந்தியை ஓசையின்றி வளைத்து வைத்துக்கொண்டு, பிறகு மீட்டி, மேலிருந்து கீழே தணிந்து வருகிற ப்ரீ-பெண்டில் இந்தக் கஷ்டம் இன்னும் அதிகம். ஏனென்றால் அங்கே ஸ்வரம் காதில் விழுவதற்கு முன்பே கை அதன் ஸ்தானத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கவேண்டும்.

தந்தியை இப்படி வளைப்பது எக்காலத்திலும் இத்தனை சுலபமாக இருந்ததில்லை. பழைய கிதார்களில் தந்திகள் தடித்தவை. மூன்றாவது தந்திகூட மேலே கம்பி சுற்றியதாகவே இருக்கும். அதை ஒரு முழுப்படி ஏற்றுவது பெரும் பிரயத்தனம். 1950-களில் ஜேம்ஸ் பர்ட்டன் போன்ற வாசிப்பாளர்கள், பாஞ்சோவின் மெல்லிய தந்திகளைக் கொண்டுவந்து கிதாரில் பூட்டி இந்தத் தடையைத் தாண்டினார்கள். அதைக் கண்ட கலிபோர்னியா வியாபாரியான எர்னி பால், 1960-களில் மெல்லிய தந்திகளைத் தனித் தொகுதியாகவே விற்கத் தொடங்கினார். இன்று கடையில் கேட்டால் சாதாரணமாகக் கிடைப்பது, முதல் தந்தி அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு கனமுள்ள அந்தத் தொகுதிதான். கிதாருக்குக் கிதாரும் பேதமுண்டு: ஸ்ட்ராட்டோகாஸ்டரின் தந்தி நீளம் 25½ அங்குலம், லெஸ் பாலினுடையது ஏறத்தாழ 24¾. நீளம் குறைந்தால் அதே ஸ்ருதிக்கு வேண்டிய விசையும் குறைவதால், பின்னதில் வளைப்பது சற்றே இலகு. பயில்கிறவர் இந்தச் சௌகரியங்களை ஏற்றுக்கொள்வதில் தவறே இல்லை. ஸ்டீவி ரே வான் தடித்த தந்திகளில் வாசித்தார் என்பதைக் கேட்டுவிட்டு, பழகாத விரல்களை அதே தந்திகளில் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்வதை நான் ஆதரிக்கமாட்டேன். அவர் தம் கிதாரை அரைப்படி தாழ்த்தி ஸ்ருதி சேர்த்திருந்தார் என்பதையும் கூடவே நினைவில் வைக்கவேண்டும்.

இனி இந்த விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். ஏ ப்ளூஸ் என்றால் பன்னிரண்டு பார் கொண்ட ஒரு சுழற்சி: முதல் நாலு பார் ஏ செவன், அடுத்த இரண்டு டி செவன், மறுபடி இரண்டு ஏ செவன், பிறகு ஈ செவன், டி செவன், கடைசியில் வீடு திரும்புதல். ஏ செவன் என்னும் கார்டில் இருப்பது சி ஷார்ப். பெண்டடானிக் பாக்ஸில் இருப்பதோ வெறும் சி. நம் சங்கீதத்தின் பாஷையில் சொன்னால், துணை வாத்தியங்கள் அந்தர காந்தாரத்தை ஒலித்துக்கொண்டிருக்க, லீட் வாசிக்கிறவரின் கையில் சாதாரண காந்தாரம் இருக்கிறது. இலக்கணப்படி இது முரண். ஆனால் ப்ளூஸின் ஜீவனே இந்த முரணில்தான் இருக்கிறது. அந்தச் சியை அப்படியே விட்டுவிட்டால் கரடாக இருக்கும். முழுதாக ஏற்றி சி ஷார்ப்பிலேயே நிறுத்திவிட்டால் துக்கம் வடிந்து வெளிறிவிடும். இரண்டுக்கும் நடுவே, எந்த ஃப்ரெட்டும் இல்லாத ஓர் இடத்துக்கு, தந்தியை இம்மியளவு சுருட்டி ஏற்றவேண்டும். பியானோவால் அங்கே போகமுடியாது; மனிதக் குரலால் முடியும்; வளையும் தந்தியால் முடியும். ஐந்தாவது பாரில் கார்டு டி செவனுக்கு மாறிய கணத்தில், அதே சி அந்தக் கார்டின் சொந்த ஸ்வரமாகி, எந்தச் சுருட்டலும் வேண்டாமல் அமைதியாக உட்கார்ந்துகொள்கிறது. ஒரே ஃப்ரெட், ஒரே விரல். நாலாவது பாரில் தவித்த ஸ்வரம் ஐந்தாவது பாரில் இளைப்பாறுகிறது. இதைக் காதால் கண்டுகொள்கிற நாள்தான் ஒருவர் லீட் வாசிக்கத் தொடங்குகிற நாள் என்று சொல்வேன்.

ப்ளூஸ் கிதார்க்காரர் பி.பி. கிங் மிகவும் விரும்பிய ஓர் இடம் உண்டு, பி.பி. பாக்ஸ் என்றே அதைக் கிதார்க்காரர்கள் குறிப்பிடுகிறார்கள். ஏ-யில் வாசித்தால், இரண்டாவது தந்தியின் பத்தாவது ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலின்கீழ் ஆதார ஷட்ஜம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் மோதிர விரலின்கீழ் பி, அதாவது சதுச்ருதி ரிஷபம். அந்த ரிஷபத்தை அரைப்படி வளைத்தால் சாதாரண காந்தாரம், முழுப்படி வளைத்தால் அந்தர காந்தாரம். இடையில் எங்கே நின்றாலும் அது ப்ளூஸின் காந்தாரம். துக்கமும் ஆறுதலும் ஒரே விரலின் ஒரே அசைவுக்குள் இருக்கின்றன. விரல்விட்டு எண்ணக்கூடிய ஸ்தானங்களே கொண்ட அந்தச் சிறு இடத்தை விட்டு நகராமல் அவர் ஒரு கோரஸ், அதாவது ஒரு முழுச் சுழற்சி, முழுவதும் வாசிப்பதைக் கேட்கும்போது, கழுத்து முழுவதிலும் ஐந்து பாக்ஸ்களையும் கற்றாகவேண்டும் என்கிற பரபரப்பு தானாகவே அடங்கிவிடுகிறது. சிகாகோவின் ரீகல் தியேட்டரில் 1964 நவம்பர் 21 அன்று அவர் நிகழ்த்திய கச்சேரி இசைத்தட்டாக இருக்கிறது. அதில் ஒவ்வொரு பெண்டுக்கும் சபை எழுப்புகிற கூக்குரலைக் கேட்டால், அந்த ஜனங்களுக்கு அவர் எந்த ஸ்வரத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார் என்பது துல்லியமாகத் தெரிந்திருந்தது என்பது விளங்கும்.

இந்த வளைவின் பூர்வோத்தரத்தை அறியாமல் அதைக் கற்பது பாதிக் கல்விதான். இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹாண்டி 1903-ஆம் ஆண்டளவில் மிஸிஸிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில், கந்தலணிந்த ஒரு கறுப்பர் கத்தியைத் தந்திகளின்மீது வழுக்கி வாசித்ததைக் கேட்டதாகப் பிற்காலத்தில் எழுதினார். கத்தியும் புட்டிக் கழுத்தும் தந்தியின்மேல் வழுக்கியபோது ஃப்ரெட்டுகள் இல்லாமற்போயின. வயல்களிலும் தேவாலயங்களிலும் அந்த ஜனங்கள் பாடிய குரலின் நெளிவுகளைத் தந்தி ஏற்றுக்கொண்டது. 1925-இல் அதே மாநிலத்தில் பிறந்து, பருத்திக் காட்டில் உழைத்து வளர்ந்த ரைலி கிங், அதாவது பி.பி. கிங், மெம்பிஸ் நகரில் தம் உறவினரான புக்கா வைட்டிடம் தங்கி, அவர் ஸ்லைடால் எழுப்பிய நாதத்தில் மனத்தைப் பறிகொடுத்தார். ஆனால் ஸ்லைடு அவர் கைக்கு வசப்படவில்லை. அந்த நாதத்தை வெறும் விரலாலேயே எழுப்ப முயன்று, ஆள்காட்டி விரலைத் தந்தியில் ஊன்றி, கட்டைவிரலைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டு, கையையே படபடக்க வைத்து அவர் கண்டடைந்ததுதான், உலகம் இன்று இரண்டு விநாடி கேட்டாலே அவருடையது என்று அடையாளம் சொல்கிற வைப்ராட்டோ. பாடும்போது அவர் கிதாரை வாசித்ததில்லை, வாசிக்கும்போது பாடியதில்லை. ஒரு வாக்கியத்தைக் குரல் சொல்ல, அடுத்ததைத் தந்தி சொல்லும். அடிமைத்தனத்தின் சந்ததியாரான உழைப்பாளிகள், சொல்ல அனுமதிக்கப்படாதவற்றைச் சொல்வதற்காக உருவாக்கிய பேச்சு அது. பெண்டையும் வைப்ராட்டோவையும் வெறும் டெக்னிக்குகளின் பட்டியலில் சேர்த்து, ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணிட்டுக் கற்பிக்கிற புத்தகங்கள் இந்தச் சரித்திரத்தை உதறிவிடுவது எனக்கு மெய்யாகவே வருத்தமளிக்கிறது.

வைப்ராட்டோவைப் பற்றி இன்னும் ஒன்று. கிளாஸிக்கல் கிதார்க்காரர் தந்தியின் நீளவாக்கில் விரலை உருட்டுகிறார். அதனால் ஸ்வரம் சற்று மேலும் சற்றுக் கீழுமாக அசைகிறது. எலெக்ட்ரிக் கிதாரில் தந்தியைக் குறுக்காக அசைப்பதே வழக்கமாதலால், ஸ்வரம் தன் இடத்திலிருந்து மேலே மட்டுமே போய்த் திரும்புகிறது. ஆனால் முன்பே வளைத்து நிறுத்திய ஸ்வரத்தில் வைப்ராட்டோ கொடுக்கும்போது இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. வளைத்த தந்தியைச் சற்றுத் தளர்த்தி, மறுபடி அதே உச்சிக்குக் கொண்டுவந்து, மறுபடி தளர்த்தவேண்டும். ஒவ்வொரு முறையும் அந்த உச்சியை இம்மி பிசகாமல் தொட்டால்தான் அது பாட்டு. எத்தனையோ வேகக்காரர்கள் இந்த ஓரிடத்தில் அகப்பட்டுக்கொள்கிறார்கள். மெட்ரொனோமை விநாடிக்கு ஓர் அடியாக வைத்து, அடிக்கு மூன்று அசைவு, நாலு அசைவு என்று லயத்தோடு பழகுவது நல்லது. கோபத்தில் நடுங்குகிற கைக்கும், வேண்டுமென்று அசைகிற கைக்கும் உள்ள பேதம் அதில் தெளிவாகிறது.

நம் தேசத்து வாசகர்கள் இதற்குள் வீணையை நினைத்துக்கொண்டிருப்பார்கள். மைனர் பெண்டடானிக்கின் ஐந்து ஸ்வரங்களும் சுத்த தன்யாசியின் ஸ்வரங்களே. அதே ஐந்தைச் சியிலிருந்து தொடங்கிக் கிரக பேதம் செய்தால் மோகனம் வரும். வீணைக்காரரும் மெட்டின்மீது தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துத்தான் கமகம் பிடிக்கிறார். இந்த உறவை வெறும் ஒற்றுமை என்று விட்டுவிடாமல் கையாலேயே ஆராய்ந்தவர் கிதார்க்காரர் ஜான் மக்லாஃப்லின். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்ற அவர், பின்னர் எல். சங்கர், ஜாகிர் ஹுசேன், டி. எச். விநாயக்ராம் ஆகியோருடன் சேர்ந்து ஷக்தி குழுவை நடத்தியபோது, ஃப்ரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கிய ஒரு கிதாரை வாசித்தார். வீணையில் மெட்டுகள் மெழுகின்மீது உயர்ந்து நிற்பதால் விரல் கட்டையில் உராய்வதில்லை. தந்தி தாராளமாக வளைகிறது. அதே தாராளத்தை அந்தப் பள்ளங்கள் கிதாருக்கு அளித்தன. இத்தனை நெருக்கம் இருந்தும், இரண்டு சம்பிரதாயங்களும் அந்த வளைவிடம் கேட்கிற காரியம் வேறுவேறு. கர்நாடக சங்கீதத்தில் கமகம் ராகத்தின் ஸ்வரூபத்துக்குள்ளேயே அடங்கியது. எந்த ஸ்வரம் எப்படி அசையும் என்பதை ராகம் விதித்திருக்கிறது. கீழே தம்புரா ஒரே ஆதாரத்தை மாறாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ப்ளூஸிலோ கீழே கார்டுகள் மாறிக்கொண்டேயிருக்க, ஒவ்வொரு மாற்றத்துக்கும் வளைவின் உச்சியை வாசிக்கிறவர் அந்தந்த க்ஷணத்தில் தீர்மானிக்கவேண்டியிருக்கிறது. வீணை கேட்டு வளர்ந்த செவி கிதாருக்கு வரும்போது வளைவின் ருசியை முன்கூட்டியே அறிந்திருக்கும். கார்டு மாறுகிற இடத்தில்தான் அதற்குப் புதிதாகப் பாடம் ஆரம்பமாகும்.

ஹாமர்-ஆன், புல்-ஆஃப், ஸ்லைடு முதலியவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிக்கால் மீட்டாமல், இடக்கை விரலைத் தந்தியில் அறைந்தோ சுண்டியோ வழுக்கியோ ஸ்வரத்தை எழுப்புகிற இந்த உபாயங்கள், வரிசையாக மீட்டப்படும் ஸ்வரங்களின் மொடமொடப்பைப் போக்கி, சொற்களைச் சந்தி சேர்த்து ஓடவிடுகின்றன; மீட்டிய ஸ்வரமும் மீட்டாத ஸ்வரமும் ஒரே கனத்தில் ஒலிக்கும்வரை மெதுவாகப் பழகினால் போதும். ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த் இதை எந்த எல்லைக்குக் கொண்டுபோனார் என்பதும், எட்டி வான் ஹேலன் 1978-இல் வெளிவந்த ‘இரப்ஷன்’ என்னும் இரண்டு நிமிஷத்துக்கும் குறைவான வாசிப்பில் வலக்கை விரலையும் ஃப்ரெட்டுகளின்மேல் இறக்கி ஒரு தலைமுறையையே எப்படித் திகைக்கவைத்தார் என்பதும் எல்லோரும் அறிந்தவை. வேகம் நாதத்துக்கு விரோதி என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனந்தமும் ஒரு மெய்யான உணர்ச்சிதான், அது சில சமயம் ஓடியே தீரும்.

அதிகமாகச் சொல்லவேண்டியது அடக்குதலைப் பற்றி. ஆம்ப்ளிஃபயரின் கெயினைச் சற்று ஏற்றினதும், மீட்டாத தந்திகளும் உயிர்பெற்றுவிடுகின்றன. மூன்றாவது தந்தியை வளைத்து ஏற்றும்போது, அது நாலாவது தந்தியையும் உடன் தள்ளிக்கொண்டு போகிறது; தளர்த்தும்போது நாலாவது தந்தி விடுபட்டு முனகும். அந்த முனகலை ஆள்காட்டி விரலின் நுனி முன்னதாகவே தொட்டு நிறுத்தவேண்டும். அதே விரலின் அடிப்பாகம் முதல் இரண்டு தந்திகளின்மேல் படிந்து அவற்றை மூடவேண்டும். தடித்த தந்திகளை வலது உள்ளங்கையின் விளிம்பு பிரிட்ஜுக்கு அருகில் அமர்த்தவேண்டும். ஒரு ஸ்வரம் தனியாக ஒலிப்பதற்கு ஐந்து தந்திகள் மௌனமாக்கப்படுகின்றன. கேட்கிறவருக்கு இது தெரிவதே இல்லை. ஆனால் ஒரு தேர்ந்த வாசிப்பாளரின் ஒற்றை ஸ்வரம் ஏன் அவ்வளவு கனமாக விழுகிறது என்று வியக்கிறவர், அந்தக் கனத்தில் பாதி அதைச் சுற்றியிருக்கும் சுத்தமான மௌனத்தினுடையது என்பதைத் தம் கையாலேயே ஒருநாள் அறிந்துகொள்வார். வாக்கியத்தை எங்கே முடிப்பது என்ற ஞானமும் இங்கிருந்துதான் வருகிறது. மூச்சு வாங்காமல் வாசிக்கக் கிதார்க்காரருக்கு முடியும் என்பதே அவருக்கு நேர்ந்த ஆபத்து. பாடகருக்கும் குழல்காரருக்கும் அந்த வசதி இல்லாததால் அவர்களுடைய வாக்கியங்கள் இயல்பாகவே முடிவு காண்கின்றன. வாசிக்கப்போகும் வரியை முதலில் வாய்விட்டுப் பாடிவிட்டு, அந்த மூச்சு முடிகிற இடத்திலேயே கையையும் நிறுத்துகிற பழக்கத்தை நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன்.

இவ்வளவையும் எப்படிக் கற்பது என்றால், பழைய வழியைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை: பிறர் வாசித்ததைக் கேட்டு எடுப்பது. முற்காலத்தில் 33⅓ சுற்று இசைத்தட்டை 16⅔ சுற்றில் ஓடவிட்டுக் கற்றவர்கள் உண்டு. வேகம் பாதியாகும்போது ஸ்ருதி ஒரு ஸ்தாயி இறங்கிவிட்டாலும், ஸ்வரங்களின் பெயர் மாறாததால் கையால் தேடிப் பிடிக்க முடிந்தது. இன்று ஸ்ருதி மாறாமலே வேகத்தைக் குறைக்கிற சாதனங்கள் வந்துவிட்டன. அவற்றின் பெரிய உபகாரம், ஒரு பெண்ட் ஏறுகிற அந்தக் கால் விநாடியை நீட்டிக் காட்டுவது; முழு வேகத்தில் ஒரே தாவலாகக் கேட்டது, உண்மையில் நடுவில் ஒரு தயக்கமும் கடைசியில் ஓர் எட்டிப் பிடித்தலுமாக இருப்பது அப்போது தெரியவருகிறது. முதலில் அந்த வரியைப் பாடவேண்டும், பாடமுடியாததை எடுக்கக்கூடாது. பிறகு எந்தத் தந்தியில், எந்த விரலில் அது நிகழ்ந்திருக்கும் என்று தேடவேண்டும். ஒரே ஸ்வரம் இரண்டு மூன்று தந்திகளில் கிடைக்குமாதலால், நாதத்தின் தடிப்பையும் மெலிவையும் கொண்டே இதை ஊகிக்கவேண்டும்.

பிறரைப் பார்த்து வாசிப்பது தம் சொந்தக் குரலைக் கெடுத்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் ஆல்பர்ட் கிங்கைக் கேட்கவேண்டும். அதன்பின் எரிக் கிளாப்டனைக் கேட்கவேண்டும். ஆல்பர்ட் கிங் இடதுகைக்காரர்; வலதுகைக் கிதாரைத் தந்திகளை மாற்றாமல் அப்படியே திருப்பிப் பிடித்து வாசித்தவர். அதனால் மெல்லிய தந்திகள் மேலே இருக்க, மற்றவர்கள் தள்ளி ஏற்றுகிறதை அவர் கீழ்நோக்கி இழுத்தார். கை முழுவதின் கனமும் அந்த இழுப்பில் சேர, ஒன்றரைப்படி, இரண்டுபடி என்று அவருடைய பெண்டுகள் ஏறின. க்ரீம் குழுவின் ‘ஸ்ட்ரேஞ்ச் ப்ரூ’ என்ற 1967-ஆம் ஆண்டுப் பாட்டில் கிளாப்டன் வாசித்த சோலோ, ஆல்பர்ட் கிங் வாசித்ததை ஏறக்குறைய வரிக்குவரி பின்பற்றுகிறது. வரி ஒன்றே, ஆனால் தள்ளுகிற கை வேறு, ஏறுகிற வேகம் வேறு, உச்சியில் அசைகிற அசைவு வேறு. யாரும் இரண்டையும் ஒன்றென்று மயங்கமாட்டார்கள். இடைநிலையில் இருக்கிறவர் ஒருவருடைய கோரஸை நேர்மையோடு எடுத்து முடித்துவிட்டு, மூலத்தையும் தம்முடையதையும் மாற்றி மாற்றிக் கேட்டால், எஞ்சி நிற்கிற வித்தியாசங்களில் சில இன்னும் பழகவேண்டியவையாகவும், சில எவ்வளவு பழகினாலும் போகாதவையாகவும் இருக்கக் காண்பார். பின்னவற்றைத் திருத்த அவசரப்படவேண்டாம்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், ‘த திரில் இஸ் கான்’ என்பேன். ராய் ஹாக்கின்ஸ் 1951-இல் வெளியிட்ட அந்தப் பாட்டை பி.பி. கிங் 1969-இல் மறுபடி எடுத்து, பி மைனரில், பின்னால் வயலின்கள் நீளமாக இழைய, நிதானமாக வாசித்தார். மைனர் ப்ளூஸ் ஆனதால் காந்தாரத்தின் தவிப்பு இதில் இல்லை, ஸ்வரங்கள் சில, இடைவெளிகள் பெரியவை. முதல் கோரஸை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியும் எந்த பாரின் எந்த அடியில் தொடங்கி எங்கே நின்றுவிடுகிறது என்பதைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, கிதாரைத் தொடாமலேயே முதல் வாரத்தைக் கழிக்கலாம். அதற்குள் அந்த வரிகள் நாவில் ஏறியிருக்கும். அப்புறம் தந்தி எவ்வளவு வளையவேண்டும் என்பதை யாரிடமும் கேட்கவேண்டியிராது.